நடக்கத் தொடங்கிய பிள்ளையும் அடுக்குமாடி வீடும்: எதற்கு அஞ்சுவது, எதை விட்டுவிடுவது?

செந்தூல்_தாய் (கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்றே கால் வயது நிறைந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தவன் இப்போது எதையும் பிடிக்காமல் ஓடுகிறான். நாங்கள் இருப்பது செந்தூலில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில். கணவருக்குப் புத்ராஜெயாவில் வேலை என்பதால் விடியுமுன் கிளம்பிவிடுவார். கூலிமிலிருந்து மாமியார் வந்து உதவிக்கு இருக்கிறார். விரைவில் நானும் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

அவன் நடக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. எல்ஆர்டி இரயிலின் ஓசை கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சன்னலுக்கு ஓடுகிறான். இரயில் கண்ணுக்கு மறையும் வரை கையசைக்கிறான். மறைந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, அதை நாங்கள்தாம் ஒளித்துவைத்துவிட்டோம் என்பதுபோல் முறைக்கிறான். ஆனால் அதே இரயிலைப் பார்ப்பதற்காகச் சோபாவின் கைப்பிடிமேல் ஏறி நின்றதைக் கண்டபோது எனக்கு உடல் சில்லிட்டுவிட்டது.

இணையத்தில் தேடினால் அஞ்ச வேண்டியவற்றுக்கு முடிவே இல்லை. மேசை முனை, மின்செருகி, மீன்முள், கொசு, புகைமூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் அஞ்சினால் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே முடியாது. எதை உடனே செய்ய வேண்டும், எதைச் சற்றுத் தள்ளிவைக்கலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற_தாதி (பினாங்கு)

வணக்கம், மகளே. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் தாய் சேய் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். மேசை முனையில் முட்டிக்கொண்ட நெற்றி புடைக்கும், சில நாளில் வற்றிவிடும். நடைபழகும் பிள்ளைக்கு அந்த வகை அடிகளை முற்றிலும் தவிர்க்க இயலாது, தவிர்க்க முயன்று களைத்துப்போவதும் வீண். உயரம், தண்ணீர், கொதிக்கும் பொருள், தொண்டையில் சிக்கும் பொருள் ஆகிய நான்கும் அப்படியல்ல. இவற்றில் தவறிவிட்டால் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். எனவே உங்கள் கவலையையும் காசையும் முதலில் இவற்றின்மேல் செலவிடுங்கள்.

சன்னலில் கொசுவலை இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சாய்கிற பிள்ளையின் எடையைக் கொசுவலை தாங்காது. இரும்புக் கிராதி அவசியம். அதன் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குறுக்குக் கம்பிகள் பிள்ளைக்கு ஏணியாகிவிடும் என்பதால் நெடுக்குக் கம்பிகளே நல்லவை. கிராதி போட்ட பிறகும் சோபா, கட்டில், செருப்பு அலமாரி, பூந்தொட்டி ஆகிய எதுவும் சன்னலுக்கோ பால்கனிக்கோ அருகில் இருக்கலாகாது. துணி காயப்போடும் பால்கனியில் கவிழ்த்து வைத்த வாளி ஒன்றே போதும், அவன் ஏறிவிடுவான்.

பலரும் நினைத்துப் பார்க்காத இடம் குளியலறை. நம் வீடுகளில் வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கோலாலம்பூரில் தண்ணீர் வெட்டு என்று அறிவிப்பு வந்தால் வீட்டிலுள்ள அத்தனை பாத்திரமும் நிறைந்து நிற்கும். இந்த வயதில் பிள்ளையின் உடலுக்குத் தலை கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாகச் சரிந்தால் அவனால் தானாக நிமிர முடியாது, சில சென்டிமீட்டர் தண்ணீரே ஆபத்துக்குப் போதும். அலறல் கேட்கும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் ஓசை எழுப்புவதில்லை. குளியலறைக் கதவின் வெளிப்புறத்தில் உங்கள் தோள் உயரத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். செலவு சில ரிங்கிட்தான், நான் அறிந்தவற்றில் அதைவிடப் பயனுள்ள ஏற்பாடு வேறில்லை.

சூடான கோப்பியும் மைலோவும் ஊற்றிப் பல நிமிடம் கழிந்தும் குழந்தையின் தோலைப் பொசுக்கும். மேசைவிரிப்பை எடுத்துவிடுங்கள், அதை இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் அவன்மேல்தான் கொட்டும். அப்படிப் பட்டுவிட்டால் குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, சோயா சாந்து, மாவு என்று நம்மவர்கள் தடவும் எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே நிறுத்திவைக்கும். மருத்துவமனையில் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை இரண்டாம் முறை துடிக்கும்.

தோட்டத்துக்காரர் (பட்டர்வொர்த்)

தாதியம்மா சொல்வது யாவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இன்றைய பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன். அம்மா இருட்டோடு பால்மரம் வெட்டப் போகும்போது எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. கம்பியில் கட்டிய தொட்டில் வரிசை, பால் தகரம், அவ்வளவுதான். கிராதியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. மண்ணில் புரண்டோம், மழையில் நனைந்தோம், மரத்திலிருந்து விழுந்தோம். பிள்ளை வளர்ப்பு என்பது ஊரே சேர்ந்து செய்கிற காரியமாக இருந்தது. எந்த வீட்டுப் பிள்ளை சாக்கடைப் பக்கம் போனாலும் எந்த வீட்டு அம்மாவும் அதட்டுவார். இப்போது வீட்டுக்குள் ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் பாதுகாப்புச் சாமான்களை வாங்கிக் குவிக்கிறார்கள். அச்சத்தை விற்பதே ஒரு வியாபாரமாகிவிட்டது என்று நான் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயர்_ஈத்தாம்_அப்பா (பினாங்கு)

ஐயா, வியாபாரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். கடைகளில் விற்கும் மேசைமுனை ரப்பரை என் மகள் ஒரே நாளில் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள், முனையைவிட அதுவே பெரிய ஆபத்தாகிவிட்டது. ஆனால் உங்கள் லயத்துப் பிள்ளைகளைக் காத்தவை, நீங்களே சொன்னபடி, ஊராரின் கண்கள். பதினோராவது மாடியில் கதவைச் சாத்திவிட்டால் ஒரு தாய்க்கு இருப்பவை இரண்டே கண்கள், அவையும் அடுப்பின்மேல் இருக்கும். அங்கே குறைகிற கண்களுக்குப் பதிலாகத்தான் தாழ்ப்பாள் தேவைப்படுகிறது. மேலும், லயத்து வீடு தரையில் இருந்தது.

சகோதரி, உங்கள் மகனின் இரயில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோபாவை நகர்த்துங்கள், ஆனால் இரயிலை அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். பார்க்க விடாமல் தடுத்தால் வேறு எதன்மேலாவது ஏறுவான். எங்கள் வீட்டிலிருந்து கொடிமலை இரயில் மேலேறுவது தெரியும், என் மகளும் இப்படித்தான் ஏறினாள். கிராதி போட்ட ஒரு சன்னலின் கீழ்க் கண்ணாடி அவளுடைய உயரத்துக்குச் சரியாக இருந்ததால் அங்கே ஒரு பாயை விரித்து அந்த இடத்தை அவளுக்கென்று விட்டோம். நின்ற நிலையிலேயே தெரிகிறது என்றால் பிள்ளைக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை. சமையலறையிலும் அதே முறைதான். கீழ் அலமாரி ஒன்றில் பிளாஸ்டிக் கிண்ணங்களையும் மரக்கரண்டியையும் வைத்துத் திறந்தே விட்டோம், மற்ற அலமாரிகளைப் பூட்டினோம். அவள் அங்கே உட்கார்ந்து எங்களுக்கு ‘சமைத்து’ப் பரிமாறுவாள். உண்பதுபோல் நடிக்காவிட்டால் கோபம் வந்துவிடும்.

தாதியம்மா கடைசியாகக் குறிப்பிட்ட தொண்டையைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் நம் விருந்தோம்பலே அங்கு எதிரியாகிவிடுகிறது. பாலிக் புலாவில் என் மனைவியின் உறவினர் வீட்டில் ரம்புத்தான் காலம் வந்துவிட்டால் பார்க்கிறவர்கள் எல்லாரும் பாசத்தோடு ஒரு பழத்தை உரித்துப் பிள்ளையின் வாயருகே நீட்டுவார்கள். வழுவழுப்பாகவும் உருண்டையாகவும் இருக்கும் எதுவும் பிள்ளையின் மூச்சுக்குழாயை மூடி போட்டதுபோல் அடைத்துவிடும். ரம்புத்தான், லொங்கான், திராட்சை, மீன் உருண்டை, சிறு கிண்ணங்களில் வரும் ஜெல்லி ஆகியவை எல்லாமே அந்த வகை. சதையைக் கொட்டையிலிருந்து சீவியெடுத்துச் சிறு துண்டுகளாகக் கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுக் கச்சான் (வேர்க்கடலை), முழு முந்திரி போன்ற பருப்பு வகைகள் ஐந்து வயதுக்கு முன் கூடாது. தீபாவளி முறுக்கையும் இந்த வயதில் கையில் கொடுத்து ஓடவிடாதீர்கள், உட்கார்ந்து தின்னப் பழக்குங்கள்.

சிக்கிவிட்டால், பிள்ளை பலமாக இருமுகிற வரை இருமவிடுங்கள், இருமலைவிடச் சிறந்த மருந்து இல்லை. இருமலும் அழுகையும் நின்றுவிட்டால்தான் நீங்கள் தலையிட வேண்டும். தலை தாழ்ந்திருக்கும்படி குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்குப் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேல் கைகளைக் கோத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். பிறகு மீண்டும் முதுகு. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் கீழே இறங்கிவிடும். ஒருவர் இதைச் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் 999-ஐ அழைக்க வேண்டும். இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது, முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்து ஒருமுறை கையால் செய்து பாருங்கள். மாமியாரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள், பகலில் பிள்ளையோடு இருக்கப்போகிறவர் அவர்தானே.

செந்தூல்_தாய்

மிக்க நன்றி. சோபா எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது, குளியலறைத் தாழ்ப்பாளும் வந்துவிட்டது. இரயில் பார்ப்பதற்கென்று ஓர் இடம் கொடுக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

மாமியாரைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அவர் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். என் மகன் அழுதால் நான் தூக்குவதற்குள் அவர் குரல் கேட்டே அவன் அடங்கிவிடுவான். ‘சாய்ந்தாடம்மா’ பாடினால் இருவரும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் இது கூடாது, அது கூடாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் சில பழக்கங்கள் உறுத்துகின்றன. வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவுகிறார். கையில் வசம்பு வளையல் போட்டிருக்கிறார். கண்ணுக்கு மை தீட்டுகிறார். கணவரின் குழந்தைப் பருவத்துச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு அழகு பார்க்கிறார், அவற்றில் அந்துருண்டை வாசம் வீசுகிறது. பகலில் சாரோங் கட்டிய ஸ்பிரிங் தொட்டிலில்தான் தூங்கவைக்கிறார். இவற்றில் எதற்காக நான் வாய் திறக்க வேண்டும், எதற்கு வாய் மூடிக்கொள்ளலாம்?

ஓய்வுபெற்ற_தாதி

உங்கள் வரிசையில் முதலில் வாய் திறக்க வேண்டியது அந்துருண்டைக்குத்தான். இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உண்டா என்று சோதிப்பார்கள், முடிவு பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை இன்றே எடுத்துப் பாருங்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நப்தலீனின் வாசம் ஊறிய துணியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். குறைபாடு இல்லாவிட்டாலும் அந்த உருண்டை மிட்டாய்போல் இருக்கிறது, ஓடித் திரியும் பிள்ளையுள்ள வீட்டில் அதற்கு இடமில்லை. பழைய சட்டைகளைத் துவைத்து நன்றாகக் காயவைத்து, வாசம் போன பிறகு போட்டு அழகு பாருங்கள்.

அடுத்தது வசம்பு. அதில் உள்ள பீட்டா அசரோன் என்னும் தீங்கான பொருளின் காரணமாக அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. பாட்டிமார் தடவியது மிகச் சிறிய அளவுதான், எல்லாப் பிள்ளைகளும் கெட்டுப்போய்விடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அளவு அறிய வழியில்லாத ஒன்றைச் சிறு குழந்தையின் நாக்கில் வைப்பதற்கு நான் உடன்படமாட்டேன். வளையலின் மணிகள் அறுந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். கண்மை சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது, ஆகவே இமைக்குள் தீட்ட வேண்டாம். திருஷ்டிப் பொட்டை, அவன் கை எளிதில் போகாத காதின் பின்புறத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வைத்தாலும் திருஷ்டி கழியும் என்று நான் பல பாட்டிமாரிடம் வாதாடி வென்றிருக்கிறேன்.

தொட்டில் குறித்து நீங்கள் வாய் மூடிக்கொள்ளலாம், ஆனால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். கொக்கியையும் ஸ்பிரிங்கையும் சாரோங்கின் முடிச்சையும் அடிக்கடி பாருங்கள். தரையோடு ஒட்டித் தாழ்வாகக் கட்டுங்கள். கீழே மெத்தை போடுங்கள். விசையோடு குலுக்க வேண்டாம். தானாக எழுந்து நிற்கிற பிள்ளைக்குத் தொட்டில் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதை மாமியாரே ஒப்புக்கொள்வார்.

ஒரு தகவல். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள், உப்பு நீரோ பாலோ புகட்டாதீர்கள். விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய் போன்றவை வாந்தியின்போது நுரையீரலுக்குள் போனால் மேலும் கேடு. நம் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது விழுங்கிய பொருளின் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_வாசி (கோலாலம்பூர்)

இந்த இழையில் காய்ச்சலைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது, பிற்பகலில் காய்ச்சல் வந்து சற்று நேரத்துக்குள் கண்கள் மேலே செருகி, கைகால் விறைத்து வெட்டத் தொடங்கின. வாயில் நுரை, உதடு நீலம். பிள்ளை போய்விட்டாள் என்றே அந்த நேரத்தில் எவரும் நினைப்பார்கள். அடுத்த வீட்டு அம்மா இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தார். இன்னொருவர் நாக்கைக் கடித்துவிடாமல் இருக்கக் கரண்டி கேட்டார். நல்ல வேளையாக என் தங்கை பள்ளியில், செஞ்சிலுவை போன்ற செம்பிறைச் சங்கத்தில் இருந்தவள் என்பதால் எல்லாரையும் விலக்கிவிட்டுப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆவதற்குள் வெட்டு நின்றது. பிள்ளை விழித்து, தண்ணீர்கூடக் கேட்காமல் தன் பொம்மை எங்கே என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டோம்.

மருத்துவமனையில் எங்களுக்கு விளக்கினார்கள். காய்ச்சலால் வரும் இந்த வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடும். வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வரும். குறுகிய நேரத்தில் அடங்கிவிடும் வலிப்பு மூளையைப் பாதிப்பதில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் வெட்டினாலோ, ஒரே நாளில் மீண்டும் வந்தாலோ, பிள்ளை தெளியாமலே கிடந்தாலோ உடனே 999. முதல் முறை வருவது எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. இரும்புச் சாவியால் தீங்கில்லை என்றாலும் அதைத் தேடி எடுக்கும் நேரத்தில் பிள்ளையை ஒருக்களித்துவிடலாம்.

ஓய்வுபெற்ற_தாதி

நன்றாகச் சொன்னீர்கள். காய்ச்சல் மருந்தைப் பற்றி நான் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. பாராசிட்டமோல் காய்ச்சல் வலிப்பைத் தடுக்காது, பிள்ளையின் உடல்வலியைக் குறைக்கத்தான் அதைக் கொடுக்கிறோம். அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். நம் மருந்தகங்களில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் கிடைக்கின்றன. ‘ஒரு கரண்டி கொடுத்தேன்’ என்று பாட்டி சொன்னால் எந்தப் புட்டியிலிருந்து என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 38 பாகை காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கொசுவால் பரவும் டிங்கிக் காய்ச்சல் உள்ள பகுதியில் வாழ்கிறவர்கள் இபுபுரோபனையும் ஆஸ்பிரினையும் தொடவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். டிங்கியில் ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நாள்தான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் குளிர்ந்ததும் வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள், ஆனால் ஆபத்தான கட்டம் தொடங்குவது அப்போதுதான். ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், சோர்ந்து சுருண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல் ஆகிய எதைக் கண்டாலும் இரவு இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். காய்ச்சலுள்ள பிள்ளை மருந்து கொடுத்ததும் எழுந்து விளையாடினால் அது நல்ல அறிகுறி. காய்ச்சல் இல்லாமலே கிடக்கும் பிள்ளைக்குத்தான் நான் அஞ்சுவேன்.

தோட்டத்துக்காரர்

தாதியம்மாவின் திருஷ்டிப் பொட்டு யோசனையை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவருக்கும் சம்மதம். இரயில் பார்க்க இடம் கொடுப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்குக் காசு செலவில்லை. ஆனால் காரில் பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்வதற்கு மட்டும் என் மனம் ஒப்பவில்லை. மகளிடம் இருப்பது ஒரு மைவி. பேரப்பிள்ளைகள் இருவர். இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிவிட்டால் நானும் மனைவியும் எங்கே உட்காருவது? பக்கத்திலிருக்கும் கோயிலுக்குப் போவதற்குக்கூடவா இருக்கை? மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா?

ஆயர்_ஈத்தாம்_அப்பா

போதாது, ஐயா. கார் மோதி நிற்கும் கணத்தில் பத்துக் கிலோப் பிள்ளையின் பாரம் பல மடங்காகிவிடும். எந்தப் பாட்டனாராலும் கையால் பிடித்து நிறுத்த முடியாது. தனியார் கார்களில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் கட்டாயம். ஆனால் சட்டத்தை முன்னிறுத்தி நான் வாதாடவில்லை. நெடுஞ்சாலையில் இருக்கும் அதே இயற்பியல் கோயிலுக்குப் போகும் தெருவிலும் இருக்கிறது. பின்புறம் பார்த்தபடி பொருத்தும் இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் மாட்டவே கூடாது என்பதால் உங்களுக்கு முன்னிருக்கை உறுதி. பாட்டியம்மாவுக்குத்தான் இடம் நெருக்கடி, அதை நான் மறுக்கவில்லை. சில நாள்களில் இரண்டு நடை போக வேண்டியிருக்கும்.

காரைப் பற்றிப் பேசும்போது இருக்கையைவிட என்னை அஞ்சவைப்பது வேறொன்று. தூங்கிவிட்ட பிள்ளை பின்னிருக்கையில் இருப்பதை மறந்து பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட துயரங்கள் இந்நாட்டிலும் நடந்துள்ளன. அப்பெற்றோர் பொறுப்பற்றவர்கள் என்று முகநூலில் எழுதுகிறவர்கள் மூளை எப்படி இயங்குகிறது என்பதை அறியாதவர்கள். வழக்கமாகப் பிள்ளையை விடுபவர் ஒருவராக இருந்து, அன்றைக்கு மட்டும் மற்றவர் விட வேண்டியிருந்தால், வழக்கமான பாதையிலேயே கை காரைத் திருப்பிவிடும், அறிவோ பிள்ளையை ஏற்கனவே விட்டாயிற்று என்று நம்பிவிடும். மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை வெப்பம் ஏறும். சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதால் பெரிய வேறுபாடு ஏதுமில்லை. சகோதரி, நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது உங்கள் அலுவலக அட்டையையோ கைத்தொலைபேசியையோ பின்னிருக்கையில் பிள்ளையின் அருகில் வைத்துப் பழகுங்கள். பிள்ளை வராத நாளில் காலையிலேயே உங்கள் இருவரையும் தொலைபேசியில் அழைக்குமாறு பராமரிப்பு மையத்திடமும் சொல்லிவையுங்கள்.

செந்தூல்_தாய்

ஆம், வாரத்தில் சில நாள்கள் அவனைப் பராமரிப்பு மையத்தில் விட எண்ணியுள்ளோம், மாமியாருக்கும் ஓய்வு வேண்டும். வசம்பைப் பற்றி அவரிடம் தாதியம்மா எழுதியதையே வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு வளையலைக் கழற்றிப் பூசையறையில் வைத்துவிட்டார். அந்துருண்டைக்கும் விடை கொடுத்தாயிற்று. பதிவுப் புத்தகத்தில் ஜி6பிடி இயல்பு என்றே இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மிச்சம். மையத்தில் கை, கால், வாய்ப்புண் நோய் வந்துவிடும் என்று எல்லாரும் அச்சுறுத்துகிறார்கள், எவ்வளவு அஞ்ச வேண்டும்? அடுத்து, பால்கனிக் கிராதிக்குப் பூட்டுப் போட்டுவிட்டோம். தீப்பிடித்தால் அதே பூட்டு எங்களை உள்ளே அடைத்துவிடாதா என்று கணவர் கேட்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ்_வாசி

கணவர் கேட்பது நியாயமான கேள்வி. சாவியைக் கிராதிக்கு அருகிலேயே, பெரியவர் கைக்கு எட்டி, பிள்ளை எதன்மேல் ஏறினாலும் எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். அந்தச் சாவியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. மாமியார் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துத் திறக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் பதினோராவது மாடியில் பால்கனி வழியே வெளியேற முடியாது. முன்வாசல் கிராதியின் பூட்டுத்தான் அதைவிட முக்கியம், அதன் சாவிக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

நோயைப் பொறுத்தவரை, மையத்துக்குப் போகும் பிள்ளைக்கு அது ஒருமுறையாவது வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காய்ச்சல், வாய்ப்புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் என்று ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். குளிர்ந்த கஞ்சியும் ஐஸ்கிரீமும் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் 1997-இல் சரவாக்கில் பிள்ளைகளின் உயிரைப் பறித்த பரவலின்போது, இந்த நோயை உண்டாக்கும் வைரசுகளில் ஒன்றான என்டெரோவைரஸ் 71 காணப்பட்டது. எனவே தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உடல் தூக்கிப்போடுவது, ஓயாத வாந்தி, நடை தள்ளாடுவது ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். மையத்தைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது வாசலில் கைத்தூய்மித் திரவம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, உள்ளே பிள்ளையின் உயரத்துக்குக் குழாயும் சவர்க்காரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள், இந்த வைரசுக்கு ஆல்கஹால் திரவம் அவ்வளவாகப் பயன்படாது. அணையாடை மாற்றியபின் பராமரிப்பாளர் கை கழுவுகிறாரா என்பதைச் சற்று நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். காய்ச்சலோடு வரும் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற மையம் என்றால் சேர்த்துவிடுங்கள், ஒருநாள் உங்களையும் அப்படித் திருப்பி அனுப்புவார்கள், அன்றைக்கு நீங்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.